வலப்பக்கத்தில் மிஞ்சியது

1997ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சாக்கை விரித்து ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் தலைவைத்து அவருடைய செவலை நாய் படுத்திருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த நாய்க்குக் கருத்தடை அறுவை செய்தவன் நான்தான். சைலசினும் கீட்டமினும் போட்டு மயக்கி, வயிற்றைத் திறந்து, கருப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தேன். எடுத்ததை எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்து அந்த அம்மாவிடமே காட்டியிருந்தேன்.

“டாக்டர் தம்பி, நீங்க எடுத்தத நான் கண்ணால பாத்தேன். இப்ப மறுபடியும் பின்னாடி வீங்கியிருக்கு. நாலு நாளா வாசல்ல கடுவன் நாயா நிக்குது. உள்ள திரும்பவும் முளைச்சிருச்சா தம்பி?”

நாயைப் பார்த்தேன். பிறப்புறுப்பு வீங்கித்தான் இருந்தது. லேசாக ஒரு நீர் கசிந்தது, ரத்தம் இல்லை. எனக்கு அப்போது ஆறு வருட அனுபவம். “ரத்தம் இல்லம்மா, இது பருவம் இல்ல. புண்ணு வந்திருக்கு, ஊசி போடுறேன்” என்று சொல்லி, ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. மருந்து கேட்டது என்று நினைத்தேன். ஆறரை மாதம் கழித்து, சித்திரை வெயிலில், அதே அம்மா அதே நாயோடு வந்து நின்றார். அதே வீக்கம், வாசலில் அதே கடுவன்கள். இந்த முறை அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

அந்தப் பார்வையிலிருந்துதான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும். கால்நடை மருத்துவத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டேன். எத்தனையோ பேர் என்னிடம் கேட்ட கேள்வி இது: எடுத்த உறுப்பு திரும்ப முளைக்குமா? அதற்கான பதில் அந்தச் செவலையின் வயிற்றுக்குள்ளேதான் இருந்தது.

முதலில் நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். பெட்டை நாய் பருவத்துக்கு வரும்போது தெரிகிற ரத்தம் கருப்பையிலிருந்து வருவது. கருப்பையே இல்லாத நாய்க்குச் சினைப்பையின் ஒரு துணுக்கு மட்டும் மிஞ்சியிருந்தால், ஹார்மோன் சுரக்கும், பிறப்புறுப்பு வீங்கும், வாசனை கிளம்பும், கடுவன்கள் வந்து சேரும். ரத்தம் மட்டும் வராமலே போகலாம். “ரத்தம் இல்லை, அதனால் பருவம் இல்லை” என்று நான் சொன்னது தலைகீழான முடிவு. நான் போட்ட ஊசியால் எதுவும் குணமாகவில்லை. நாயின் பருவம் தன் கணக்குப்படி வந்து தன் கணக்குப்படி போயிருந்தது, அவ்வளவுதான். ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் திரும்பி வருவதே அதன் அடையாளம். புண்ணுக்கு நாள்காட்டி கிடையாது.

இரண்டாம் முறை வந்தபோது, செய்திருக்க வேண்டிய எளிய சோதனையைச் செய்தேன். பஞ்சுக் குச்சியை உப்புநீரில் நனைத்து, யோனிக்குள் மெல்லச் சுழற்றி எடுத்து, கண்ணாடிச் சில்லில் உருட்டினேன். லீஷ்மேன் சாயம் போட்டுக் கழுவி நுண்ணோக்கியில் வைத்தேன். சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இல்லாத நாயில் யோனியின் செல்கள் சிறியவையாக, உருண்டையாக, நடுவில் தெளிவான உட்கருவோடு இருக்கும். ஈஸ்ட்ரோஜன் சுரந்தால் யோனியின் சுவர் தடித்துவிடும். மேலடுக்குச் செல்கள் பெரிதாகி, ஓரங்கள் மடங்கி, உட்கரு சுருங்கி மறைந்து, காய்ந்த சருகுகளைக் கொட்டியது போலக் கிடக்கும். நான் பார்த்த இடமெல்லாம் சருகாகவே இருந்தது. ஆய்வகச் சீட்டு வேறு வேண்டியிருக்கவில்லை. அந்த நாயின் உடம்பில் எங்கோ ஒரு சினைப்பை உயிரோடு வேலை செய்துகொண்டிருந்தது.

அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். “முளைக்கலம்மா. நான் முழுசா எடுக்கல. ஒரு துண்டு உள்ள விட்டுப்போச்சு. திரும்பத் திறந்து எடுக்கணும். காசு வேண்டாம்.” அவர் நாயின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார்: “முதல்லயே சொல்லியிருந்தா நான் என்ன சொல்லப்போறேன் தம்பி. எடுத்துருங்க.”

எந்தப் பக்கம் மிஞ்சியிருக்கும் என்பதைத் திறப்பதற்கு முன்பே ஊகிக்க முடிந்தது. நாயின் உடலமைப்பு சொல்லிக்கொடுப்பது அது. சினைப்பைகள் சிறுநீரகங்களின் பின்முனையை ஒட்டித் தொங்குபவை. வலது சிறுநீரகம் இடதை விட முன்னால், விலா எலும்புகளுக்குள் ஒதுங்கி இருக்கும். ஆகவே வலது சினைப்பையும் ஆழத்தில்தான் இருக்கும். அதைக் கடைசி விலாவோடு கட்டிப்போட்டது போல ஒரு தசைநார் இழுத்துப் பிடித்திருக்கிறது. அந்த நாரை விரலால் நீவி நீவித் தளர்த்தி அறுத்தால்தான் சினைப்பை வயிற்றின் வாய்க்கு வரும். வெட்டு சிறியதாக இருந்து, நாயும் கொழுப்புப் பிடித்ததாக இருந்து, நாரைச் சரியாகத் தளர்த்தாமல் இழுத்தால் சினைப்பை பாதிதான் மேலே வரும். அப்போது போடுகிற இடுக்கி, சினைப்பைக்குக் கீழே விழாமல் சினைப்பையின் மேலேயே விழும். மேற்பாதி கிண்ணத்துக்குப் போகும், கீழ்ப்பாதி கட்டுக்கு அடியில் தங்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாயின் சினைப்பை வெளியே தெரியாது. அதைச் சுற்றி ஒரு சவ்வுப்பை இருக்கிறது, அந்தப் பை முழுக்கக் கொழுப்பு. கையில் எடுப்பவருக்குக் கொழுப்புக் கட்டி தெரியும், அதற்குள் இருக்கும் சினைப்பை தெரியாது. பூனையில் அது திறந்தாற்போல் இருக்கும், பார்த்ததும் அடையாளம் காணலாம். நாயில் பையைக் கத்தரித்துப் பிளந்தால்தான் முழுச் சினைப்பையா, அரைச் சினைப்பையா என்று தெரியும். முதல் அறுவையின்போது நான் அதைப் பிளக்கவில்லை. கிண்ணத்தில் இருந்த கொழுப்புக் கட்டிகளை எண்ணி இரண்டு என்று திருப்திப்பட்டேன்.

செவலையைத் திறந்தபோது வெட்டைத் தாராளமாக வைத்துக்கொண்டேன். மிஞ்சிய துணுக்கைத் தேடுவதற்குப் பருவத்தின்போதோ, அது முடிந்த சில வாரங்களிலோ திறப்பது நல்லது. அப்போதுதான் கருமுட்டைக் குமிழ்களோ, அவை வெடித்த இடத்தில் உருவாகும் மஞ்சள் உடலங்களோ அந்தத் துணுக்கைப் பெரிதாக்கிக் கண்ணுக்குக் காட்டும். பருவமில்லாத நாளில் அது அரிசி மணி அளவில் கொழுப்புக்குள் ஒளிந்திருக்கும். வலப்பக்கம் பார்க்க ஒரு வழி உண்டு. முன்சிறுகுடலைத் தூக்கி இடதுபுறம் ஒதுக்கினால், அதைத் தாங்கும் சவ்வே திரை போல மற்ற குடல்களைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். சிறுநீரகமும் அதன் கீழே உள்ள பள்ளமும் திறந்த வெளியாகத் தெரியும். அங்கே, என் பழைய தையல் நூலின் முடிச்சை ஒட்டி, ஒரு பட்டாணி அளவில், பளபளவென்று இரண்டு குமிழ்களோடு அது இருந்தது.

அந்த முடிச்சு நான் போட்டது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. பக்கத்திலேயே சிறுநீர்க்குழாய் ஓடுகிறது. அதைக் கண்ணால் கண்டு, விரலால் ஒதுக்கி உறுதி செய்துகொண்டு, துணுக்கைச் சுற்றியுள்ள சவ்வோடு சேர்த்துக் கட்டி எடுத்தேன். இடப்பக்கத்தையும் பெருங்குடலைத் தூக்கிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. எடுத்த பட்டாணியை ஃபார்மலினில் போட்டு என் மேசையில் பல வருடம் வைத்திருந்தேன்.

கட்டி அறுத்த துணுக்கு எப்படிப் பிழைக்கிறது என்ற கேள்வி அதன்பின் என்னை விடவில்லை. சென்னைக்குப் போகும்போதெல்லாம் நான் படித்த வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். அப்படித்தான் 1849ஆம் ஆண்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்த்தோல்ட் என்ற அறிஞர் ஆறு இளஞ்சேவல்களை வைத்துச் சோதனை செய்தார். விரைகளை முழுதும் எடுத்துவிட்டவை கொண்டையும் தாடியும் வளராமல், கூவாமல், சண்டைக்கு நிற்காமல் ஒடுங்கின. மற்றவற்றில் விரையை அதன் இடத்திலிருந்து அறுத்துப் பிரித்து வயிற்றுக்குள் வேறிடத்தில் விட்டார். அவை சேவலாகவே வளர்ந்தன. பின்னர் திறந்து பார்த்தபோது, விட்ட இடத்திலேயே விரை ஒட்டிக்கொண்டு, புது ரத்தக்குழாய்களோடு இருந்தது. நரம்புத் தொடர்பு அறுந்த பின்னும் அது வேலை செய்ததால், ஏதோ ஒன்று ரத்தம் வழியாகப் போய் உடலை ஆள்கிறது என்று அவர் கண்டார். ஹார்மோன் என்ற சொல் பிறப்பதற்கு ஐம்பது வருடத்துக்கு மேல் முந்திய கதை இது.

என் பட்டாணிக்கு விளக்கம் அந்தச் சேவல்களிடமே கிடைத்தது. இனப்பெருக்கச் சுரப்பியின் துணுக்குக்குப் பிழைக்கிற வலு அதிகம். சில நாளைக்குச் சுற்றியுள்ள திரவமே அதற்குப் போதும். அதற்குள் வயிற்றுச் சவ்விலிருந்து ரத்தக்குழாய்கள் அதை நோக்கி வளர்ந்துவிடும். பூனைகளில் சினைப்பைத் துண்டை ரத்த ஓட்டத்திலிருந்து அறுத்து வயிற்றுக்குள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அது ஒட்டிக்கொண்டு மீண்டும் வேலை செய்தது. அறுவையின்போது கை தவறிக் குடல்மேல் விழுகிற ஒரு துணுக்கும் இப்படி வேர் பிடிக்கலாம். பிற்காலத்தில் ஒரு பூனையில் அதை நானே பார்த்தேன். கட்டு போட்ட இரண்டு இடமும் சுத்தமாக இருந்தது. குடலை மூடும் கொழுப்புத் திரையின் நடுவில் மிளகளவு ஒரு சினைப்பை ஒட்டியிருந்தது.

“முளைக்கிறது” என்று நம்பியவர்கள் அறிவியல் உலகத்திலும் இருந்தார்கள். 1925இல் அமெரிக்காவில் டாவன்போர்ட்டும், 1927இல் லண்டனில் பார்க்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும், சுண்டெலியின் இரண்டு சினைப்பைகளையும் எடுத்த பிறகு சிலவற்றில் சினைப்பை திரும்ப உருவானதாக எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் சினைப்பையை அதன் உறையோடு முழுசாக எடுத்துச் சோதித்தபோது அது திரும்ப வரவில்லை. உறைக்குள் ஒட்டியிருந்த துணுக்கே வளர்ந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். தேர்ந்த கைகளுக்கே அப்படி ஏமாற்றம் நேர்ந்திருக்கிறது என்று படித்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை, பயம்தான் வந்தது. பார்த்துப் பார்த்து எடுத்தாலும் மிஞ்சும் என்றால், பார்க்காமல் எடுத்தால் என்ன ஆகும்?

உண்மையிலேயே திரும்ப வளர்கிற உயிர்களும் உண்டு. சிலவகைத் தட்டைப்புழுவைத் துண்டாக்கினால், விரையும் சினைப்பையும் இல்லாத துண்டு கூட அவற்றைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். குளத்துக் களையைத் தின்பதற்காக விடுகிற புல்கெண்டை மீன் பெருகிவிடக் கூடாது என்று அதன் இனப்பெருக்க உறுப்புகளை அறுவை செய்து நீக்கிப் பார்த்தார்கள். அவை மீண்டும் வளர்ந்ததாக 1986இல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வெளியானது. கோழியின் கதை வேறு விதம். பெட்டைக் கோழிக்கு இடது சினைப்பை மட்டுமே வளரும், வலது ஒரு மொட்டாகவே நின்றுவிடும். இடதை எடுத்தாலோ, நோயில் அது அழிந்தாலோ, வலது மொட்டு விழித்துக்கொள்ளும். அது பலநேரம் விரையைப் போல வளர்வதால் அந்தக் கோழிக்குக் கொண்டை பெருத்து, கூவவும் தொடங்கும். பெட்டை கூவினால் வீட்டுக்கு ஆகாது என்று நம் ஊரில் அதை அறுத்துவிடுவார்கள். பாவம், அதற்குச் சினைப்பை கெட்டதுதான் குற்றம். நாய்க்கும் பூனைக்கும் அப்படி ஒரு மாற்று மொட்டு கிடையாது. அவற்றில் பருவம் திரும்புகிறது என்றால் சினைப்பைத் திசு எங்கோ இருக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும்.

இந்தப் பாடம் தெருநாய்க் கருத்தடைப் பணிக்குப் போனபோதுதான் முழுசாகப் பயன்பட்டது. சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964இலேயே தொடங்கிய வேலை அது. மாநகராட்சி 1996இல் அதை ஏற்றுக்கொண்டது, 2001இல் மத்திய அரசு விதிகள் வந்தன, 2023இல் அவை புதுப்பிக்கப்பட்டன. பிடித்த நாய்க்கு அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காதில் ஓர் அடையாள வெட்டு வைத்து, பிடித்த தெருவிலேயே விடுவது முறை. எடுத்த உறுப்புகளை ஃபார்மலினில் சேர்த்து எண்ணிக் கணக்குக் காட்டுவதும் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு மையத்தில் நாளுக்கு இருபது, இருபத்தைந்து நாய்கள் வரும். சாயங்காலம் வாளியைக் கவிழ்த்து எண்ணுவோம்.

வீட்டு நாயில் துணுக்கு மிஞ்சினால் உரிமையாளர் கூட்டிக்கொண்டு வருவார். தெருநாய்க்கு யார் இருக்கிறார்கள்? காதில் வெட்டு இருக்கும். அது பருவத்துக்கு வந்தால் கடுவன்கள் கூடும், சண்டை நடக்கும், தெருவே இரண்டுபடும். “ஆபரேஷன் பண்ண நாயே இப்படி ஆடுது, இதெல்லாம் பொய்” என்று மக்கள் பேசுவார்கள். ஒரு நாயில் விட்ட ஒரு துணுக்கு ஓர் ஊரின் நம்பிக்கையைக் கெடுத்துவிடும். அதனால் என் மேசையில் ஒரு வழக்கம் வைத்தேன். உறுப்பு வாளிக்குப் போவதற்கு முன்னால், வயிற்றைத் தைப்பதற்கும் முன்னால், இரண்டு பைகளையும் கத்தரியால் பிளக்க வேண்டும். இரண்டிலும் முழுச் சினைப்பை, வெட்டுக் காயம் படாமல், எல்லாப் பக்கமும் வழவழப்பாகத் தெரிய வேண்டும். உதவியாளர் அதைப் பார்த்து “வலது சரி, இடது சரி” என்று சத்தமாகச் சொன்ன பிறகே நான் ஊசியைக் கையில் எடுப்பேன். ஒரு நாய்க்கு அரை நிமிடம் கூடுதலாகும். ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் உடனே திரும்ப உள்ளே போய்த் தேடுவேன். வயிறு திறந்திருக்கும்போது தேடுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். தைத்த பிறகு தேட இன்னோர் அறுவை வேண்டும்.

மாட்டுக்குக் காயடிப்பதிலும் இதே பாடம்தான். பர்டிசோ இடுக்கியில் தோலுக்கு மேலாகவே விந்துநாளத்தையும் விரைக்குப் போகும் ரத்தக்குழாய்களையும் சேர்த்து நசுக்குகிறோம். நசுங்கிய பக்கத்தின் விரை சில வாரத்தில் வற்றிச் சுருங்கும். இடுக்கி நழுவிய பக்கம் அப்படியே இருக்கும். வருடம் கழித்து மாடு திமிறும்போது, “காயடிச்ச மாட்டுக்குத் திரும்ப ஊறிருச்சு” என்பார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகப் பிடித்து, நாளம் இடுக்கிக்குள் இருப்பதை விரலால் உறுதிசெய்து நசுக்கி, சில வாரம் கழித்துத் தடவிப் பார்த்தால் அந்தப் பேச்சுக்கே இடம் இராது.

இன்று சோதனைகள் பெருகிவிட்டன. பருவம் முடிந்த ஓரிரு வாரத்தில் ரத்தத்தில் புரொஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் ஒரு மில்லி லிட்டருக்கு 2 நானோகிராமுக்கு மேல் இருந்தால் மஞ்சள் உடலம் இருக்கிறது, அதாவது சினைப்பை இருக்கிறது என்று பொருள். பூனை பெரும்பாலும் இணை சேர்ந்தால்தான் முட்டை வெளிவிடும் என்பதால், அதற்கு ஹார்மோன் ஊசி போட்டுத் தூண்டிவிட்டு இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். பெட்டையில் சினைப்பை மட்டுமே சுரக்கிற ஆன்டி-முல்லேரியன் ஹார்மோனை அளக்கும் சோதனையும் வந்துவிட்டது. ஒன்றை மட்டும் முதலில் விசாரிக்க வேண்டும். வீட்டில் யாராவது மாதவிடாய் நின்ற பின் தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பயன்படுத்துகிறார்களா? அந்தக் கையை நாய் நக்கினாலும், அந்தக் கை அதைத் தடவினாலும் இதே வீக்கம் வரும். கேட்காமல் வயிற்றைத் திறந்தால் அந்தப் பாவம் நம்மைச் சேரும்.

துணுக்கைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் ஆபத்துதான். கருப்பையின் அடிக்கட்டை சிறிது மிஞ்சியிருந்தால், அந்தத் துணுக்கு சுரக்கும் ஹார்மோனால் அதில் சீழ் கோத்துக்கொள்ளலாம். வருடக்கணக்கில் உள்ளே கிடக்கிற துணுக்கே கட்டியாக மாறுவதும் உண்டு. “போகட்டும், குட்டி போடப்போவதில்லையே” என்று இருந்துவிடக் கூடாது.

செவலை அதன்பின் பத்து வருடம் வாழ்ந்தது. ஒருநாளும் அதன் வாசலில் கடுவன் நின்றதில்லை என்று அந்த அம்மா சொல்வார். இறந்தபோது எனக்கு ஆள் அனுப்பினார், போனேன். அவர் என்னைக் குறை சொன்னதே இல்லை. ஆனால் முதல் தடவை அவர் கேட்ட கேள்விக்கு நான் சரியான பதிலைச் சொல்லியிருந்தால், அந்த நாய் ஆறரை மாதம் தவித்திருக்க வேண்டியதில்லை.

நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு சொல். கருத்தடை செய்த பெட்டைக்கு மாதங்களோ வருடங்களோ கழித்து வீக்கம் வந்தால், கடுவன்கள் பின்தொடர்ந்தால், ரத்தம் இல்லையென்றாலும் அந்த நாட்களிலேயே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வீக்கம் வடிந்த பின் போனால் கண்ணாடிச் சில்லில் ஒன்றும் தெரியாது. தேதியைக் குறித்து வையுங்கள்.

புதிதாகக் கத்தி பிடிக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பையைப் பிளந்து பாருங்கள், வயிற்றைத் தைப்பதற்கு முன்பே பாருங்கள். பின்னால் யாராவது வந்து “திரும்ப முளைத்துவிட்டதா?” என்று கேட்டால், “இல்லை, நான் விட்டுவிட்டேன்” என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, திரும்பத் திறந்து எடுத்துக் கொடுங்கள்.